ஒன்றரை

அட்டை சுவரில் இருந்தது.
பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு,
தீபாவளித் தள்ளுபடி விளம்பரம் மாதிரி கட்டங்கள்.
வயது ஐம்பத்து நான்கு. பெண். புகை இல்லை.
மேல் அழுத்தம் நூற்று முப்பத்தாறு.
டாக்டர் சோண்டியின் விரல்
(என்னுடையது போலில்லை, நேரான விரல்)
படி படியாக இறங்கி
ஒரு பச்சைக் கட்டத்தில் நின்றது.
நான்கு.
நூறு பேரில் நான்கு பேருக்கு, பத்து வருஷத்துக்குள்,
மாரடைப்போ பக்கவாதமோ.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.
பன்னிரண்டேகாலுக்கு சாட்ஸ்வொர்த் பஸ்.

"உட்காருங்கள், மிஸஸ் படையாச்சி.
இந்த அட்டைக்கு உங்கள் மூட்டு தெரியாது."

நான்கின் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.
ஒன்றரை.
ஆறு.

பெயர் மாற்றிய பிறகும்
நாங்கள் விக்டோரியா தெரு என்றே சொல்லும் தெருவில்
முப்பத்தொரு வருஷம் இரும்புக்கடைக் கணக்கு எழுதுகிறேன்.
வட்டி தெரியும். வாட் வரி தெரியும்.
ஒரு பெட்டி ஆணியில் எத்தனை துருவுக்குப் போகும் என்று தெரியும்.
இந்த அரை எங்கிருந்து வந்தது?
ரசீது காட்டுங்கள் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
என் வலது மணிக்கட்டைத் தொட்டார், வீங்கிய இடத்தில்.
"இங்கே எரிவது இங்கேயே நிற்பதில்லை."
முழங்கை தாண்டி, தோள் தாண்டி
உள்ளே போகும் ரத்தம் ஒரே ரத்தம்.
இதயத்தின் வாசலிலும் அதே புகை.

நான் பெருமைப்பட்ட ஒன்றே ஒன்றையும் எடுத்துக்கொண்டார்:
கொலஸ்ட்ரால்.
குறைவாக வந்திருந்தது. கடை முழுக்கச் சொல்லியிருந்தேன்,
இனி நெய்த் தோசைக்கு லைசென்ஸ் என்று.
வீக்கம் உச்சத்தில் இருந்தால் அந்த எண் தானே தாழுமாம்.
மருந்து கேட்டு வீக்கம் தணியும்போது ஏறுமாம்.
இப்படி ஒரு பேரேடு நான் பார்த்ததில்லை.
தீப்பிடித்த கிடங்கைப் பார்த்து
சரக்கெல்லாம் விற்றுப்போச்சு என்று
முதலாளி குதித்த கதை.

வலி மாத்திரை தினமுமா என்றார்.
தினமும்தான்.
அதைக் கூட்டவில்லை, பெருக்கவில்லை.
ஓரமாக எழுதிவைத்தார்,
கடன் வாங்கியவன் பெயரை எழுதுவதுபோல.

கழுத்தில் குளிர்ந்த ஜெல்.
ஸ்கேன் அறையில் தண்டேகா கருவியை நகர்த்த நகர்த்த
என் ரத்தம் சத்தம் போட்டது,
ஈர மணலை யாரோ அவசரமாகப் பெருக்குவதுபோல.
ஒரு இடத்தில் கையை நிறுத்தினாள்.
இடது பக்கம். கடுகில் பாதி.
எல்லாம் ஓடிக்கொண்டிருக்க
அது மட்டும் ஓடாமல்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஒரு குரங்கு
யாருடைய ரொட்டியையோ பிரித்துக்கொண்டிருந்தது.
எவ்வளவு நல்ல விரல்கள் அதற்கு.

பஸ்ஸில் நூறு பேர் இல்லை, அறுபது சீட்தான்.
என்றாலும் எண்ணினேன்.
பள்ளிப் பிள்ளைகளைக் கழித்துவிட்டேன்.
முதல் நான்கு பேருக்கு உப்பு, வயது, அப்பா வழி
என்று ஏதாவது இருக்கும்.
மிச்சம் இரண்டு பேர்?
காலையில் பல் பிரஷைப் பிடிக்க முடியாமல்
குழாயடியில் நிற்பவர்கள்.
அவர்களை எனக்குத் தெரியும்.
வெள்ளிக்கிழமை வரிசையில்
கைகளை மடியில்,
தூங்கும் பிள்ளைகளைப்போல வைத்திருப்பார்கள்.

சாயங்காலம் புதுப் புட்டி. கொழுப்புக்கு.
குழந்தைகள் திறக்கக் கூடாத மூடி:
அழுத்திக்கொண்டே திருக வேண்டும்.
அழுத்தினால் திருக வரவில்லை,
திருகினால் அழுத்த வரவில்லை.
பக்கத்து வீட்டு கேலிஷா, ஆறு வயது,
வேலிக்கு மேலே கையை நீட்டினாள்.
ஒரே திருகு.

"இதுல என்ன இருக்கு, ஆன்ட்டி?"

அரை, என்றேன்.