உதவி விலகும் விதம்

முதுநகர் ரயிலடியில் ஏறியவர்
கெடிலம் தாண்டுமுன்னே தூங்கிவிட்டார்.
மணி மூன்றே கால்.
ஆல்பேட்டை செக்போஸ்ட் தடுப்புகளுக்கு நடுவே
வண்டியை வளைக்கும்போது எரிந்தது
மஞ்சளில் ஒரு குட்டி ஸ்டீயரிங்,
பக்கத்தில் ஆச்சரியக்குறி.

பூட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன்.
வெடுக்கென்று ஒரு பக்கம் இழுக்கும் என்று நினைத்தேன்.
எதிரே பெண்ணையாற்றுப் பாலம்.
கார்த்திகையில் கரைமீறி வந்த அதே தண்ணீர்
மணல்திட்டுகளுக்கு நடுவே
ஒன்றும் தெரியாததுபோல.

இழுக்கவில்லை.
மாடிப்படியில் பீரோ இறக்குகிறவன்
பிடிச்சிட்டியா, பிடிச்சிட்டியா என்று
கேட்டுக் கேட்டு
விரல்விரலாக விடுவானே,
அப்படி விட்டது.
இரண்டு நொடி இருக்கும்.
அதற்குள் ஒரு மோட்டார்
மூன்று வருடம் சுமந்ததை
என் தோளுக்கு மாற்றியிருந்தது.

வேகத்தில் கனம் தெரியவில்லை.
கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம்,
அறுபதில் எல்லாமே லேசு.
தவளக்குப்பத்தில் குறுக்கே நின்ற
பால்வண்டிக்காக மெதுவானேன்.
அப்போது வந்தது மொத்த எடையும்.
உள்ளங்கை வழுக்கியது.
முதுகை இருக்கையில் ஊன்றி
பழைய லாரிக்காரர்களைப்போல இழுத்தேன்.
திரும்பியது.
உள்ளே ஒரு இரும்புத் தண்டு இருக்கிறது,
கையிலிருந்து சக்கரம்வரை.
மோட்டார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கிறது.

ஓரங்கட்டி
சாவியை அணைத்துப் போட்டேன்.
எல்லா விளக்கும் ஒருதரம் எரிந்து
தன்னைத்தானே சோதித்துக்கொண்டு
அணைந்தன.
சமாதானம் ஆகிவிட்டது என்று
இருநூறு மீட்டர் நம்பினேன்.

நெல்லித்தோப்பில் இறங்கியவர்
கண்ணைக் கசக்கியபடி சொன்னார்:
"ஆட்டமே தெரியலம்மா. நல்லா ஓட்டுறீங்க."
சில்லறை கொடுக்க
விரல்கள் மடங்க மறுத்தன.

விடிந்ததும் அரியாங்குப்பம்.
பிலோமின் ஸ்கேனரைச் செருகினாள்,
டீ கிளாசை பானெட்மேல் வைத்துவிட்டு.
"முறுக்கை அளக்க ரெண்டு லைன் போகுது.
ஒண்ணு, நீ இடப்பக்கம் திருப்புறேங்குது.
இன்னொண்ணு, நீ கையையே அசைக்கலைங்குது."
எது பொய்?
"அதுக்குத் தெரியாது.
தெரியலைன்னு தெரிஞ்சதும்
கையை எடுத்துக்கும். அவ்ளோதான்.
தப்பா உதவறதுக்குச் சும்மா இருக்கலாம்னு
எழுதி வச்சிருக்கான்."

கனெக்டரைக் கழற்றினாள்.
பின்களில் பச்சை பூத்திருந்தது.
வெள்ளத்தில் இரண்டு நாள்
கதவுவரை நின்ற வண்டி இது,
அப்போது ஒன்றுமே சொல்லவில்லை.

இந்த வண்டியின் கடன் பத்திரத்தில்
என் பெயருக்கு மேலே ஒரு பெயர் இருக்கிறது:
தயாபரன்.
பாதிப் பாதி என்று பேச்சு.
ஏழாவது தவணை அன்று
அவன் ஃபோன் அணைந்திருந்தது.
விளக்கு ஏதும் எரியவில்லை அதற்குமுன்.
அல்லது எரிந்து,
நான் வேகத்தில் இருந்தேனோ என்னவோ.

பின்களைத் துடைத்து
திரும்ப மாட்டினாள் பிலோமின்.
இஞ்சின் ஓட
ஒற்றை விரலால் திருப்பிப் பார்த்தேன்.
வெண்ணெய்.
கூச்சமாகக்கூட இருந்தது.

"கோடு இன்னும் மெமரில நிக்குது.
அழிச்சிடட்டா?"
அவள் கட்டைவிரல் பட்டன்மேல்.

"இரு," என்றேன்.
"எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு
அதுல இருக்குமா, பாரு."