இன்னும் கொஞ்சம் அழுக்கு

மார்செய் நகரின் வட ஓரத்தில்
எங்கள் பதினான்கு மாடிக் கட்டடத்தை
ஒரு துப்பறியும் தொடருக்கு வாடகைக்குக் கேட்டார்கள்.
பாரிஸிலிருந்து மூன்று லாரிகள் வந்தன.
கலை இயக்குநர் படிக்கட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்:
"சுத்தமாக இருக்கிறதே."
முந்தின ஞாயிறுதான் கூடிக் கழுவியிருந்தோம்,
விருந்தாளிகள் வருகிறார்களென்று.

அழுக்கு பெட்டியில் வந்தது,
பொடியாக, மூன்று நிறங்களில்.
சுவரில் கெட்ட வார்த்தை எழுத ஓர் ஓவியர்.
நுண்கலைக் கல்லூரியில் படித்தவர்.
அளவுகோல் வைத்து எழுதி
ஓர் எழுத்துப்பிழையும்
கவனமாகப் போட்டார்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன்.
வெள்ளை அங்கி, மார்பில் பெயர்வில்லை: சொய்லிஹி.
கொடுத்த வேடம் 'விற்பவன், மூன்று'.
நானும் விற்பவன்தானே என்று சிரித்துக்கொண்டேன்.
"தோளைத் தொங்கப் போடு. கண்ணில் கொஞ்சம் பசி."
மத்தியானம் அவர்கள் போட்ட கோழியைத் தின்றுவிட்டு
பசிக்கு எங்கே போவேன்?

என் அண்ணனாக நடித்தவர்
லியோனில் வளர்ந்த மாலிக்காரர்.
கொமொரோஸ் எந்தக் கடலில் இருக்கிறதென்று
இடைவேளையில் கேட்டார், ரகசியமாய், கூச்சத்தோடு.
சொன்னேன்.
எங்கள் தெருப் பேச்சை அவருக்குச் சொல்லிக்கொடுக்க
சம்பளத்துக்கு ஓர் ஆசிரியை இருந்தார்.
அவரும் இந்தத் தெரு இல்லை.

நான்காம் மாடி ஸலிஹாத்தா
ஆஸ்பத்திரியில் இரவுப்பணி முடித்து அப்போதுதான் வந்தாள்.
அவள் பால்கனியில் யாருடைய துணிகளோ தொங்கின.
ஈரமாய்த் தெரிய ஒருவன்
தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.
"உங்கள் மகனைப் போலீஸ் இழுத்துப்போகிறது.
உங்கள் பாஷையில் எதையாவது கத்துங்கள்."
அவளுக்கு மகன் இல்லை. இரண்டு பெண்கள்.
மூத்தவள் சட்டம் படிக்கிறாள்.
இருந்தாலும் கத்தினாள்,
முழுத் தொண்டையில், ஒரே தடவையில்.
இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நவம்பரில் ஒளிபரப்பு.
எங்கள் வீட்டில் முப்பது பேர்,
சோபாவின் கைப்பிடியில் நாலு பேர்.
ஸலிஹாத்தா வந்தாள். கீழே வெள்ளை எழுத்து ஓடியது:
'என் மகன் நிரபராதி! இறைவன் உங்களைத் தண்டிப்பான்!'
அவள் கத்தியது இது:
"டேய் கண்ணாடிக்காரா, ஒயரை எடுடா!
என் மிளகாய்ச்செடி நசுங்குது,
எத்தனை தடவை சொல்றது!"

நாங்கள் சிரித்த சிரிப்பில்
கீழ்வீட்டு ஆர்மீனியர்
விளக்குமாற்றுக் கட்டையால் எங்கள் தரையை இடித்தார்.
மறுபடி போடு, மறுபடி போடு என்று
ஆறு தடவை பார்த்தோம்.
ஆறாவது தடவை அவள் மட்டும் சிரிக்கவில்லை.
"ஊரெல்லாம் பார்த்திருக்கு.
அந்தச் செடி
இந்த அறைக்கு மட்டும்தான் கேட்டிருக்கு" என்றாள்.
பிறகு தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

நானும் இரண்டு விநாடி வந்தேன்.
மறுநாள் கடைக்கு மதாம் பெலிசியே வந்தார்,
எட்டு வருஷமாக என்னிடம் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்.
"நேற்று உன்னைப் பார்த்தேன், பிரமாதம்" என்றார்.
மீதிச் சில்லறையை வாங்கி
இரண்டு தடவை எண்ணினார்.
முன்பெல்லாம் எண்ணாமல்தான் பைக்குள் போடுவார்.

வசந்தத்தில் இரண்டாம் பருவம், அதே லாரிகள்.
கெட்ட வார்த்தை சுவரிலேயே இருந்தது,
அவர்களும் அழிக்கவில்லை,
குடியிருப்பு அலுவலகமும் அழிக்கவில்லை.
கலை இயக்குநர் அதைத் தடவிப் பார்த்தார்.
தான் எழுதவைத்தது மறந்துபோயிருந்தது.
"இதைத் தொடாதீர்கள்" என்றார் ஆட்களிடம்,
"இதெல்லாம் செய்து வராது."

பிறகு குனிந்தார்.
பிழையான எழுத்தை வட்டமிட்டு
மேலே சரியான எழுத்தைப் போட்டிருந்தாள்
ஸலிஹாத்தாவின் சின்ன மகள்,
சிவப்புப் பேனாவில்,
பள்ளிக்கூட வழக்கப்படி.

"இது மட்டும் இயல்பாக இல்லை" என்றார்.
பெட்டியைத் திறந்தார்கள்.