லாரிப்புல்

காற்றாலை நாற்பத்தேழின் காலடியில்
மாசியில்தான் முதலில் பார்த்தேன்.
தீப்பட்ட கரிமேல் மற்றதெல்லாம் யோசித்துக் கிடக்க
இது மட்டும் ஒரு சாண் எழும்பி நின்றது.

தூணைச் சுற்றிப் பத்து மீட்டர்
மாதம் ஒருமுறை செத்திக் காட்ட வேண்டும்.
கான்டிராக்ட்.
இரண்டு முறை செத்தினேன்.
மூன்றாம் முறை தூரைப் பிளந்து பார்த்தால்
கறுத்த பழைய தாளுக்குள்
வெளுத்த புதுக் குருத்து.
நான் வேலைக்கு வருமுன்பே இருந்திருக்கிறது.

"பல்லாண்டுத் தாவரம்" என்றார் டெல்பின் மேடம்,
நாகர்கோவில் கல்லூரியில்
தினத்தாள் சுருளைப் பிரித்து.
மணமக்களுக்குச் சொல்கிற வார்த்தை.
புல்லுக்குச் சொன்னபோது
போலீஸ் புகார் மாதிரி இருந்தது.

இலை தண்டைப் பற்றுமிடத்தில் விலக்கி
நாக்கைத் தேடினார்.
புல்லுக்கும் நாக்கு உண்டாம்.
சிலதுக்குச் சவ்வு, சிலதுக்கு மயிர்வரிசை.
லென்ஸை என்னிடம் தந்தார்.
மயிர்தான்.
கணுவில் ரோமம்? இல்லை.
ஆமென்றால் பன்னிரண்டுக்குப் போ,
இல்லையென்றால் பதினேழுக்கு,
என்று சொல்லிக்கொண்டே வந்த புத்தகம்
பதினேழில் நின்றுவிட்டது.
"பூ வேணும். பூ இல்லாம பேரு சொல்ல முடியாது."

ஆகவே ஒரு தூரை விட்டுவைத்தேன்,
சிவப்பு ஒயர் கட்டி.
"என்னவே, துளசி மாடமா?" என்றார் சூப்பர்வைசர்.
சுயம்புகனியின் ஆடுகள்
மோந்துவிட்டு நகர்ந்தன.
"எறக்க லாரி வந்த தடத்துல மட்டுந்தான் நிக்கி" என்றாள்.
"லாரிப்புல்லு."
தூத்துக்குடியிலிருந்து
தெருவை விட நீளமான இறக்கையைப் படுக்கவைத்து
வருமே, அந்த லாரி.

ஆடியில் பூத்தது.
அணில்வால் நீளம்,
நாவற்பழம் தின்ற பல்லின் நிறம்.
கொசுவலைத் துண்டால் மூடி
மூன்று முடிச்சுப் போட்டேன்.
ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு
முடிச்சு ஒரு பொருட்டா.
காலையில் வலை முள்வேலியில் கிடந்தது.
ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள்.
இது அம்மி இல்லை.

என் சாக்ஸில் ஒட்டியிருந்தவை மூன்று.
"போதும்" என்றார் மேடம்.
மயிரிழையின் அடியில் இறகு இருக்கிறதாம்,
பார்க்கச் சொன்னார். இருந்தது.

பேர் வரப் பதினோரு நாள்.
அதற்குள் நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று,
கால்வாய்க் கரை,
ரயில் கேட்டுக்கு இந்தப்பக்கம்.

இரண்டு சொல் பேர்.
இரண்டு முறை சொன்னார், நாக்கில் நிற்கவில்லை.
படிவத்தில் இடம், தேதி, மண், எல்லாம் எழுதி
'உள்ளூர்ப் பெயர்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
சொன்னேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தால் ரசலையன் போன்:
புது இறக்கை, முப்பந்தல் தாண்டியாச்சு, கேட்டைத் தொற.
"டயரக் கழுவாம உள்ள விடமாட்டேன்" என்றேன்.
"எந்தத் தண்ணியில வே?"
மீதியைக்
காற்று கேட்கவிடவில்லை.