நாலு வரி இடம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் தூசி வந்து படியும்
அச்சக மாடியில்
என் நவம்பர் ஏப்ரலிலேயே வந்துவிடும்.
தினத்தாள் காலண்டர்.
தேதிக்குக் கீழே ராகுகாலம், குளிகை, சூலம்,
அதற்கும் கீழே ‘வரலாற்றில் இன்று’.
நாலு வரி. நாலுதான்.
அஞ்சாவது வரியில் நகைக்கடை தொடங்குகிறது.

நவம்பர் ஒன்று.
1956: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு.
சேர்ந்த தாலுகாக்களின் பெயர்களுக்கே
இரண்டு வரி போயிற்று.
அதே வியாழக்கிழமை அந்தப்பக்கம் கேரளம் பிறந்தது.
களியக்காவிளையில் இன்றும் ஒரே காலை
இணைந்தோம் என்று இங்கே மிட்டாய்,
பிறந்தோம் என்று அங்கே மிட்டாய்.
பாறசாலையில் கட்டிக்கொடுத்த என் அக்காள்
இரண்டையும் தின்கிறாள்.

மீதியில் லிஸ்பனை வைத்தேன்.
1755, சனிக்கிழமை, சகல புனிதர் திருநாள்.
முதலில் நிலம்.
பூசைக்கு ஏற்றிய திரிகள் சரிந்து, தீ.
கூடவே கடல்.

ஞானசிகாமணி மொதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
“ஆருக்கு பிள்ளே லிஸ்பனு?
நம்ம ஆளுவ அங்க உண்டுமா?”
குமரிமுனையில் பெர்னாந்துமார் உண்டே என்றேன்.
சிரித்தார். விட்டுவிட்டார்.

தாள் போயிற்று, நாள் வந்தது, கிழிபட்டது.
சாயங்காலம் அச்சக நம்பருக்கு
கொட்டில்பாட்டிலிருந்து ஒரு குரல்.
பெயர் சூசைமிக்கேல்.
“அந்த லிஸ்பன்ல... கடலு உள்ள வாங்கிச்சா?”
வாங்கியது.
“எவ்வளவு தூரம்?”
அடியில் கிடந்த பழைய கப்பல்கள் தெரிகிற அளவுக்கு.
வேடிக்கை பார்க்க இறங்கிப் போனார்களாம்,
புத்தகத்தில் இருக்கிறது.
அந்த முனையில் ஒரு மிக்சி ஓடி நின்றது.
“எங்க பயலுவளும் மீன் பெறக்கத்தான் போனானுவ.”
பிறகு, மீன்விலை சொல்கிற அதே குரலில்:
“இருநூத்தம்பது வருசம் முந்தியே
ஒருத்தன் எழுதி வச்சிருக்கான்.
எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலியே.”

அன்றிரவு டிசம்பர் இருபத்தாறைத் திறந்தேன்.
பதினோரு வருடமாக அந்தத் தாளில் என் கைவேலை:
1898: ரேடியம் கண்டுபிடிப்பு பாரிசில் அறிவிப்பு.
அவ்வளவே.
கிறிஸ்துமஸ் மறுநாள் பாரு,
புதுத்துணி வாசம் போயிருக்காது,
கெட்டது வேண்டாம் என்பது மொதலாளி உத்தரவு.
யாரும் மறக்காததை எதற்கு அச்சடிக்க
என்பது என் சாக்கு.

தேதி ஒரு வாடகை வீடு.
முந்தின குடித்தனம் அடித்த ஆணியில்
நாம் சட்டையை மாட்டுகிறோம்.
ஆளைத் தெரியாது.
ஆனால் ரேடியம் அவ்வளவு அந்நியமும் இல்லை.
மணவாளக்குறிச்சியில் மணல் கறுப்பு.
அதற்குள் கண்ணுக்குப் படாமல் ஏதோ
உதிர்ந்துகொண்டே இருக்கிறது,
ஆலை சலித்துக்கொண்டே இருக்கிறது.
அந்த ஞாயிறு கடல் ஏறி வந்தபோது
இந்த மணலைத்தான் அள்ளி வந்து
அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுப் போனது.
பாரிசுக்காரர்கள் இருட்டில் ஒளிரக் கண்டதன்
தூரத்துச் சொந்தம்,
எங்கள் அடுக்களைகளில்.

இதை நாலு வரியில் எழுத முடியவில்லை.
பெயர்களை எழுதினால் ஒரு வருடத் தாளும் போதாது.
மூன்று இரவு அடித்து அடித்து
மிஞ்சியது இது:

1898: ரேடியம் அறிவிப்பு.
2004: ஞாயிறு காலை.
கடல் உள்ளே வாங்கினால்
பார்க்க நிற்காதே.
மேட்டுக்கு ஓடு.

“இதுல வரலாறு எங்க பிள்ளே?” என்றார் மொதலாளி.
விரல் வைத்து எண்ணினார்.
“அஞ்சு வரி வருது.”

வருது என்றேன்.

கொஞ்ச நேரம் மேம்பாலத்து லாரிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.
பிறகு பென்சிலை எடுத்து
நகைக்கடையை
அரை அங்குலம் கீழே இறக்கினார்.