எத்தனையாவது தளம்

லிஃப்ட் பழுது பார்ப்பவன் நான், லேவார்டனில்.
நாலாம் மாடி தாண்டும் லிஃப்டுகளை
எங்கள் பக்கம் விரல்விட்டு எண்ணலாம்.
விடுமுறையில் மட்டும் கேமரா.
அதுவும் உனக்குப் பழுது பார்ப்பதுதான் என்பாள் ஹிஸ்கெ,
ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

மே மாதம் சோங்சிங்.
விடுதியின் வரவேற்பறை பதினொன்றாம் தளத்தில்.
ஒன்றை அழுத்தினேன்: கதவு திறந்தது,
எதிரே பேருந்து.
இருபத்திரண்டை அழுத்தினேன்: கதவு திறந்தது,
அங்கேயும் பேருந்து.
முப்பது வருடத் தொழிலில் முதல்முறையாக
ஒரு லிஃப்டிடம் வழி கேட்கத் தோன்றியது.

பிறகு லான்சோ. மஞ்சளாற்றங்கரையில்
தூண்டில் கம்பியில் பட்டம் விடும் ஒருவர்,
மீனை இழுப்பதுபோல வானத்தை இழுத்தார்.
ஷாங்காயில் மழை, ஈரத் தெருவில் விளக்குகள்;
எல்லாரும் எடுக்கும் படம், நானும் எடுத்தேன்.
ஆயிரத்து எண்ணூறு படங்கள்.
ஒன்றில்கூட வானம் கால்வாசிக்கு மேல் இல்லை.

கடைசி மூன்று நாள் மீண்டும் சோங்சிங்.
மேலும் இல்லாத கீழும் இல்லாத படிக்கட்டு நடுவில்
ரான் சூஃபென்னின் நூடுல்ஸ் கடை.
பிளாஸ்டிக் முக்காலிதான் மேசை,
அதைவிடக் குட்டை முக்காலி இருக்கை.
மூன்றாம் காலை என் கேமராவை வாங்கி
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.
தன் படம் வந்ததும் நிறுத்தினாள்.
கண் மூடியிருக்கிறது, அழி என்று சைகை.
அழித்தேன்.
பிறகு கைபேசியில் ஏதோ பேசி என்முன் நீட்டினாள்.
எந்திரத்தின் டச்சு இப்படி இருந்தது:
"எங்கள் இடத்தைச் சாப்பிட்டுவிட்டாய்.
உன் இடத்தை மேசைமேல் வை."

தேடினேன்.
பக்கத்து வீட்டுப் பூனை, கொதிகலனின் வரிசை எண்,
ஹிஸ்கெயின் முழங்கால் எக்ஸ்ரே.
ஐம்பத்தாறு வருடம் வாழ்ந்த ஊருக்கு
வேறு சாட்சி இல்லை என்னிடம்.

ரசீதின் பின்னால் பேனாவால்
இடமிருந்து வலம் ஒரு கோடு இழுத்தேன்.
இதுதான், என்றேன்.
மிச்சம் எங்கே என்று ரசீதைத் திருப்பிப் பார்த்தாள்.
அடுப்படியிலிருந்த தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
அவன் கரண்டியிலிருந்து மிளகாய் எண்ணெய் ஒரு சொட்டு
கோட்டின்மேல் விழுந்து பரவியது.
சூரியன், என்றேன்.
இருவரும் சிரித்தார்கள். நானும்தான், ஆனால்
உண்மையாகவே அது சூரியன் போலத்தான் இருந்தது.

வீட்டிலிருந்து கடலணைக்கு
சைக்கிளில் பன்னிரண்டு நிமிடம்,
எதிர்காற்றென்றால் இருபது.
எங்கள் நாட்டுப்புறத்தின் ஒரே சரிவு அது,
அதையும் மனிதர்களே மண் கொட்டிக் கட்டினார்கள்.
அந்தப் பக்கம் கடல் வற்றிப்போன சேறு.
ட்ரைபாடின் ஒரு கால் இறங்கிக்கொண்டே இருந்தது.
இடப்பக்கம் ஒன்றுமில்லை.
வலப்பக்கமும் அதேதான், கொஞ்சம் கூடுதலாக.
ஒரு செம்மறி வந்து நடுவில் நின்றது.
போகட்டும் என்று காத்திருந்தேன்.
போனபின், ஏன் போகவிட்டேன் என்றிருந்தது.

பதினாலு முறை போனேன்.
செப்டம்பரில் ஒரு செவ்வாய் காற்று நின்றது,
சேற்றின்மேல் விரலளவுத் தண்ணீர்,
அதற்குள் முழு வானம்.
நடுவில் என் கோடு.

அச்சிட்டு, சுருட்டி, குழாயில் போட்டு அனுப்பினேன்.
நவம்பரில் பதில் படம் வந்தது:
புகை படிந்த சுவரில், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில்
என் கடல்.
தலைகீழாக மாட்டியிருக்கிறாள், என்றேன்.
ஹிஸ்கெ கண்ணாடி போட்டுப் பார்த்தாள்,
இல்லையே, சரியாகத்தானே இருக்கிறது.
எங்களிடமிருந்த பிரதியை எடுத்துவந்து
திருப்பினோம், மறுபடி திருப்பினோம்.
பறவையோ தூசியோ, ஒரு புள்ளியை வைத்து
அரைமணி நேரம் சண்டை.

படத்தின் கீழே எந்திர டச்சில் ஒரு வரி:
"சாப்பிட வருகிறவர்கள் கேட்கிறார்கள்,
இது எத்தனையாவது தளம்?"

கடல் ஏறும்போதெல்லாம்
எங்கள் சமையலறை அதற்குக் கீழேதான்.
மைனஸ் ஒன்று, என்று பதில் போட்டேன்.