மூன்று வரி

மூன்று வரிதான் மாற்றினேன்.
லீப் வருஷத்து பிப்ரவரியில்
நகைக்கடனுக்கு ஒருநாள் வட்டி விட்டுப்போகிறது,
தேவகோட்டைக் கிளையிலிருந்து புகார்.
திருத்தி, சேமித்து, அனுப்பிவிட்டு
டீ குடிக்க இறங்கினேன்.

காரைக்குடி செக்காலை ரோட்டில்
பாத்திரக்கடைக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
திரும்பி ஏறுவதற்குள் ஜெசிந்தாவின் பதில்:
"ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரி மாறியிருக்கிறது, உமையாள்.
இதில் உன் மூன்று எங்கே?"

என் எடிட்டர்தான்.
'சேமிக்கும்போது ஒழுங்குபடுத்து' என்ற கட்டத்தில்
போன வேலையில் நானே போட்ட டிக்.
அந்தக் கம்பெனியின் வழக்கத்தை
இந்தக் கோப்பில் நடத்திவிட்டது:
டேப் எல்லாம் நான்கு இடைவெளி,
ஒற்றை மேற்கோள் எல்லாம் இரட்டை,
வரிக் கடைசியில் உட்கார்ந்திருந்த அடைப்புக்குறிகள்
எழுந்து அடுத்த வரிக்குப் போயிருந்தன.
விருந்துக்குப் போன வீட்டில்
பந்தி முழுக்க
இலையைத் திருப்பிப் போட்டுவிட்டு நிற்கிறேன்.

ஜெசிந்தா திட்டவில்லை. அது இன்னும் மோசம்.
"புள்ளியில் தொடங்கும் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது,
கண்ணில் படாது, பதினோரு வரி.
உன் கருவி அதைக் கேட்கட்டும்.
உன்னைக் கேட்க வேண்டாம்."

திறந்து பார்த்தேன்.
இரண்டு இடைவெளி. ஒற்றை மேற்கோள்.
நூறு எழுத்துக்கு மேல் போனால் மடக்கு.
எனக்கு இதில் எதுவுமே பிடிக்கவில்லை
என்பதை யாரும் கேட்கவில்லை.
ஒரு மணிநேரத்தில்
எனக்கும் மறந்துவிட்டது.

ஆனால் பழைய கோப்புகள் எதுவும்
அந்தப் பதினோரு வரியைப் படித்ததில்லை.
வெள்ளி மாலை, வேறு யாரும் கைவைக்காத நேரம்,
மொத்தத்தையும் ஒரேயடியாக ஓட்டிவிடு என்றாள்.
வட்டித் திருத்தம் தனியே, பிறகு.

ஓட்டுவதற்கு முன் ஒருமுறை கண்ணை ஓட்டினேன்.
சாகுல் ஹமீது எழுதிய வட்டி அட்டவணை:
பன்னிரண்டு மாதம் குறுக்கே, ஐந்து வகைக் கடன் நெடுக்கே,
தசமப்புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்று,
ஒவ்வொன்றாக ஸ்பேஸ் தட்டி நிறுத்தியிருக்கிறார்.
கருவிக்கு அது வெறும் அறுபது எண்.
வரிக்கு ஒன்றாக இறக்கிவிடும்.

அவரை நான் பார்த்ததில்லை.
இப்போது ஜொகூர் பாருவில் ஏதோ வங்கியில் இருக்கிறாராம்.

அட்டவணைக்கு மேலே ஒரு குறிப்பு: இங்கே தொடாதே.
கீழே ஒரு குறிப்பு: இனித் தொடலாம்.
பிறகு என்டர்.

கீழ்க்கடையில் கடை அடைக்கும் சத்தம்,
எவர்சில்வர் குடங்களை
அளவுவாரியாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.
அவர்கள் முடிப்பதற்கு வெகுமுன்பே
இருநூற்றுப் பதினான்கு கோப்புகள் முடிந்துவிட்டன.

சனிக்கிழமை
எந்த வரியைத் தட்டி 'யார் எழுதியது' என்றாலும்
உமையாள், நேற்று, 6.52.
சாகுலின் நான்கு வருஷம் என் பேரில்.
எழுதாததற்கெல்லாம் உரிமைக்காரி ஆகியிருந்தேன்;
பத்திரம் மாற்றியதைப் போலக் கூசியது.

அதற்கும் ஒரு கோப்பு இருக்கிறது.
வெள்ளி மாலையின் நாற்பதெழுத்து அடையாளத்தை
அதில் ஒட்டினால்
அந்த மாலையைக் கணக்கில் சேர்க்காமல் பின்னால் பார்க்கும்.
ஒட்டினேன்.

சாகுலின் பேர் வரிவரியாகத் திரும்பியது.
பிப்ரவரிக்கு எப்போதும் இருபத்தெட்டு என்ற வரியும்
அவர் பேருக்கே போனது.

அதன்மேல்தான்
என் மூன்று வரியை வைத்தேன்.
இரண்டு இடைவெளி உள்தள்ளி.
ஜெசிந்தாவிடமிருந்து ஒரு கட்டைவிரல்.