பதின்மூன்றாம் சீட்டுக்குப் பெயரில்லை

மெந்த்ரீசியோவில் என் வேலை பொன் உருக்குவது.
பல்லில் கிடந்த பொன், விவாகரத்தான மோதிரம்,
யாருக்கோ இருபத்தைந்து வருடச் சேவைக்குக் கொடுத்த பேனா முனை,
எல்லாம் ஆயிரத்து அறுபத்து நான்கு டிகிரியில்
தன் கதையை விட்டுவிடும்.

வியாழக்கிழமை ரயிலேறி லுகானோ வருவேன்.
டாக்டர் ஒத்தில்யா பெத்ராத்ஸி அறையில் சாய்வு நாற்காலி கிடையாது.
ஒரு மேஜை, அணைத்துவைத்த ஹீட்டர்,
மூலை மடங்கிய மர்செய் சீட்டுக்கட்டு.
"இவை எதிர்காலம் சொல்லாது.
எதைப் பார்க்க மறுக்கிறீர்கள் என்று
உங்கள் கண்தான் சொல்லும்" என்றார் முதல் நாளே.
நான் குறி கேட்கத்தான் போயிருந்தேன்.

இன்று வந்தது பதின்மூன்று.
கரிய வயலில் அரிவாள் வீசும் எலும்புக்கூடு.
மற்றப் பெரிய சீட்டுகளுக்கெல்லாம் அடியில் பெயர் உண்டு,
இதற்கு இல்லை.
வெட்டுண்ட தலைகளில் ஒன்றுக்குக் கிரீடம்.
புல்லுக்கு நடுவே கைகள்,
யாரோ நட்டு வளர்த்தது போல.

"கறுப்பு. ரசவாதிகளின் முதல் நிறம்.
அழுகாமல் எதுவும் தொடங்காது என்றார்கள்."
"எங்கள் உலையில் அதற்குக் கசடு என்று பெயர்,
வழித்து எடுத்துவிடுவோம்."
"எடுத்து?"

எடுத்து.

எறிவதில்லை. அரைத்து மறுபடி உருக்குவோம்.
கையுறை, துடைப்பம், செருப்படித் தூசு,
ஓய்வு பெற்றவர் விட்டுப்போன மேலங்கி,
அத்தனையும் எரித்துச் சாம்பலைச் சலிப்போம்.
குப்பையிலிருந்து மட்டும்
வருஷத்துக்கு இரண்டு கிலோ தேறும்.

அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.
அடுத்ததைத் திருப்பினார்:
குடுவையிலிருந்து குடுவைக்கு நீர் ஊற்றும் தேவதை.
நீர் ஏறக்குறையப் படுத்துக்கொண்டே போகிறது.
"எந்தத் திரவமும் இப்படி ஓடாது" என்று சிரித்தேன்,
"வரைந்தவன் ஒருநாளும் உலைப்பக்கம் போனதில்லை."
"சரி. ஓடாத வழியில் நீங்கள் எதை ஓட்டினீர்கள்?"

அப்பாவின் கைக்கடிகாரம்.
பதினெட்டுக் காரட், உறையும் முள்ளுமாக முப்பத்தோரு கிராம்.
நிவெஸ் கேட்டாள். தொலைந்துவிட்டது என்றேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை,
லாட் எண் நாலாயிரத்துப் பதினேழில்
நானே இட்டேன்.
வளைவதற்கு முன் முட்கள் ஒரு மணி காட்டின.
பார்த்தேன். அதை மட்டும் டாக்டரிடம் சொல்லவில்லை.

ஆறு வருஷம் தங்கச்சியின் ஃபோனை எடுக்காமல்
அவளைப் பேராசைக்காரி என்று சொல்லித் திரிந்தேன்.
என் நிழலுக்கு அவள் கோட்டை மாட்டிவிட்டிருக்கிறேன்.
அளவுகூடச் சரியில்லை, தோள் தொங்குகிறது.

நூற்றியெழுபது ஃபிராங்க், ரசீது.
வெளியே ஏரியின் மேல் மழை.
ரயில் வெளிச்சத்தில் என் நகக்கண் கறுப்பாகத் தெரிந்தது,
சோப்புக்குப் போகாதது.
நாளைக் காலை ராஜதிராவகம் கலக்கும் முறை எனக்கு.
பொன் அதில் கரைந்தபின்
பால் விடாத தேநீர் போலத் தெளிந்திருக்கும்.
இது யாருடையது என்று அப்போது கேட்டால்
யாருடையதும்தான்.

டிக்கெட்டின் பின்புறம் நிவெஸின் எண்ணை
நினைவிலிருந்து எழுதினேன்.
கடைசி இலக்கம் ஒன்றா, ஏழா?
இரண்டையும் அழைக்கலாம்.
தப்பான ஆளிடம் முதலில் சொல்லிப் பழகுவது
எளிதாகக்கூட இருக்கலாம்.